கேரட்டா, பப்பாளியா? கண்ணாடி போட்ட ஏழு வயதுக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது?

இளவேனில் (இழையைத் தொடங்கியவர்)

என் மகளுக்கு ஏழு வயது. போன மாதம் பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தார்கள். கண்ணாடியும் போட்டாகிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டைப் பற்றித்தான் பேச்சு. "தினம் ஒரு கேரட் கடித்துத் தின்னட்டும், ஆறு மாதத்தில் கண்ணாடியைக் கழற்றிவிடலாம்" என்கிறார் மாமியார். கணவர் பப்பாளிதான் நல்லது என்கிறார். நான் இரண்டையும் வாங்கி வைத்துவிட்டு நடுவில் நிற்கிறேன்.

குழந்தை கேரட்டைக் கையில் வாங்கினால் முன்பல்லால் ஓரத்தை மட்டும் சுரண்டிவிட்டு, நடுத்தண்டை அப்படியே தட்டில் வைத்துவிடுகிறாள். பப்பாளி வாசனை அவளுக்கு ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு துண்டு விழுங்குவாள். இரண்டையும் திணிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றைத்தான் வற்புறுத்த முடியும் என்றால் எதை? அளவுக்கு அளவு எதில் சத்து அதிகம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

கதிரொளி

தோழி, எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவில் இருப்பதைத் தருகிறேன். எல்லாம் 100 கிராமுக்கு, சமைக்காத நிலையில்.

கேரட்: 41 கலோரி, கார்போஹைட்ரேட் 9.6 கிராம், அதில் சர்க்கரை 4.7 கிராம், நார்ச்சத்து 2.8 கிராம், பொட்டாசியம் 320 மில்லிகிராம், வைட்டமின் சி 5.9 மில்லிகிராம், வைட்டமின் ஏ 835 மைக்ரோகிராம்.

பப்பாளி: 43 கலோரி, கார்போஹைட்ரேட் 10.8 கிராம், அதில் சர்க்கரை 7.8 கிராம், நார்ச்சத்து 1.7 கிராம், பொட்டாசியம் 182 மில்லிகிராம், வைட்டமின் சி 61 மில்லிகிராம், வைட்டமின் ஏ 47 மைக்ரோகிராம்.

கண்ணுக்கு வேண்டியது வைட்டமின் ஏ. 835 எங்கே, 47 எங்கே! கிட்டத்தட்ட 18 மடங்கு. நார்ச்சத்து, பொட்டாசியம் இரண்டிலும் கேரட்தான் முன்னால் நிற்கிறது. சர்க்கரையும் குறைவு. வைட்டமின் சி-யில் மட்டும் பப்பாளி பத்து மடங்கு. உங்கள் மாமியார் சொல்வதைக் கேளுங்கள்.

பழைய வாத்தியார்

முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் என்ற உரிமையில் குறுக்கே வருகிறேன். சத்துக் கணக்குக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். கேரட் தின்றாலும் சரி, பப்பாளி தின்றாலும் சரி, குழந்தையின் கண்ணாடி கழலாது.

கிட்டப்பார்வை எனப்படும் இந்தத் தூரப்பார்வைக் குறைவு பெரும்பாலும் கண்விழி சற்று நீளமாக வளர்ந்துவிடுவதால் வருவது. பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. இது விழியின் அளவு சம்பந்தப்பட்டது. வைட்டமின் ஏ செய்யும் வேலையே வேறு. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தைப் பிடிக்கும் கோல் செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாலும் ஆப்சின் என்ற புரதமும் சேர்ந்ததுதான் அந்த நிறமி. வெளிச்சம் பட்டதும் இரண்டும் பிரியும், பிறகு மறுபடி சேரும். இதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உடம்பில் வைட்டமின் ஏ தீர்ந்துபோனால் இந்த நிறமி குறையும், மாலைக்கண் வரும். அதற்குக் கேரட்டும் பப்பாளியும் மருந்து மாதிரி. பற்றாக்குறையே இல்லாத குழந்தைக்கு மேலும் மேலும் கொடுத்தால் பார்வை கூடாது.

"கேரட் தின்றால் கண் நன்றாகத் தெரியும்" என்ற பேச்சு இவ்வளவு பரவியதில் இரண்டாம் உலகப் போருக்கும் பங்கு உண்டு. இருட்டில் பார்வை தெரியக் கேரட் சாப்பிடுங்கள் என்று பிரிட்டன் அரசே மக்களிடம் பிரசாரம் செய்தது. இரவில் எதிரி விமானங்களை வீழ்த்திய விமானிகளைக் கேரட் பிரியர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த விமானங்களில் ரேடார் இருந்தது.

தாயே, விழி நீளமாவதைத் தள்ளிப்போட ஒன்று உண்டு என்றால் அது வெளியில் விளையாடுவது. சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அந்தப் பள்ளிகளில் புதிதாகத் தூரப்பார்வைக் குறைவு வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். 2015-ல் வெளிவந்த முடிவு இது. ஏற்கெனவே குறைவு வந்த குழந்தைக்கு இது எவ்வளவு உதவும் என்பதை உங்கள் கண் மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் குழந்தை வெளியில் ஓடி விளையாடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இளவேனில்

ஐயா, இதை யாரும் எங்களுக்கு இப்படிச் சொல்லவில்லை. படித்ததும் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. கேரட் ஊட்டாததால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று இத்தனை நாள் என்னை நானே குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, கண்ணாடியை விட்டுவிடுவோம். அவள் உடம்புக்கு எது நல்லது என்ற கேள்வி அப்படியே இருக்கிறதே. கதிரொளி கொடுத்த எண்ணை வைத்துக் கேரட் என்று முடிவு செய்துவிடலாமா?

செவ்வந்தி

அவசரப்படாதீர்கள் இளவேனில். நான் உணவியல் ஆலோசகர், பதினான்கு வருடமாக இதுதான் என் வேலை. கதிரொளி கொடுத்த எண்களில் தவறு இல்லை. ஆனால் அவை தட்டில் இருப்பதன் எண்கள். ரத்தத்தில் ஏறுவதன் எண்கள் வேறு.

தாவரங்களில் வைட்டமின் ஏ நேரடியாகக் கிடையாது. அதன் மூலப்பொருள்தான் இருக்கிறது. பீட்டா கரோட்டின் அதில் முக்கியமானது. குடல் அதை உறிஞ்சி, உடைத்து, ரெட்டினாலாக மாற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு உறிஞ்சப்படும் என்பது காய்க்குக் காய், பழத்துக்குப் பழம் மாறும். 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. 16 பேருக்குப் பச்சைக் கேரட், தக்காளி, பப்பாளி மூன்றையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து, சாப்பிட்ட பிறகு ஒன்பதரை மணி நேரம் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். ஒப்பிட வசதியாகக் கரோட்டின் அளவு சமமாக இருக்கும்படி உணவை அமைத்திருந்தார்கள். பப்பாளியின் பீட்டா கரோட்டின், கேரட்டில் இருந்ததைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாக ரத்தத்தில் ஏறியது.

அதற்கும் முன்னால், 1998-ல் இந்தோனேசியப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு ஆரஞ்சு நிறப் பழங்கள், இன்னொரு குழுவுக்குக் கரும்பச்சைக் கீரைகளும் கேரட்டும். வாரத்துக்கு ஆறு நாள், ஒன்பது வாரம். பழத்தில் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் ஒரு மைக்ரோகிராம் ரெட்டினாலுக்குச் சமமாக வேலை செய்தது. கீரை, கேரட் குழுவில் அதே வேலைக்கு 26 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. சத்துப் பற்றாக்குறை உள்ள குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு இது பெரிய செய்தி. கீரையும் காயும் மட்டும் கொடுத்தால் போதும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.

கதிரொளி

அப்படியானால் அட்டவணையே தப்பு என்கிறீர்களா? ஒரு நாட்டின் வேளாண் துறை வெளியிடுவது. 16 பேரை வைத்துச் செய்த ஆய்வுக்காக அதைத் தூக்கிப் போட முடியாது.

செவ்வந்தி

தப்பு என்று சொல்லவில்லை சகோதரரே. அந்த 835 எப்படி வருகிறது என்று பாருங்கள். 100 கிராம் கேரட்டில் பீட்டா கரோட்டின் 8285 மைக்ரோகிராம், அதே மாதிரி வைட்டமின் ஏ-யாக மாறும் இன்னொரு மூலப்பொருளான ஆல்பா கரோட்டின் 3477 மைக்ரோகிராம். முதலாவதில் 12 மைக்ரோகிராமும் இரண்டாவதில் 24 மைக்ரோகிராமும் ஒரு மைக்ரோகிராம் வைட்டமின் ஏ-க்குச் சமம் என்பது கணக்கு. முதலாவதை 12-ஆல் வகுத்தால் 690. இரண்டாவதை 24-ஆல் வகுத்தால் 145. கூட்டினால் 835. பப்பாளியில் பீட்டா கரோட்டின் 274, இன்னொரு மூலப்பொருளான பீட்டா கிரிப்டோசாந்தின் 589. அதே மாதிரி 12-ஆலும் 24-ஆலும் வகுத்துக் கூட்டினால் 47.

கேரட்டுக்கும் 12, பப்பாளிக்கும் 12. எல்லா உணவுக்கும் ஒரே வகுத்தி. 2001-ல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் நிர்ணயித்த சராசரி அது. அதற்கு முன்னால் 6-ஆல்தான் வகுத்தார்கள். வகுத்தியை இரட்டிப்பாக்கியதும் அதுவரை அட்டவணையில் இருந்த காய்கறி, பழங்களின் வைட்டமின் ஏ மதிப்பு ஒரே நாளில் பாதியாகிவிட்டது. காயும் பழமும் மாறவில்லை. நம் கணக்குத்தான் மாறியது. அதனால்தான் அந்த எண்ணை வைத்துக்கொண்டு கேரட்டும் பப்பாளியும் நம் உடம்புக்குள் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சொல்ல எனக்குத் தயக்கம்.

பழைய வாத்தியார்

செவ்வந்தி சொல்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பள்ளி ஆய்வகத்தில் ஒவ்வொரு வருடமும் செய்வோம். கேரட்டைப் பிளேடால் கண்ணாடிக் காகிதம் மாதிரி மெலிதாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்ரோஸ்கோப்பில் வைப்போம். செல்லுக்குள் ஆரஞ்சு நிறப் படிகங்கள் தெரியும். சில ஊசி மாதிரி, சில உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி, சில முறுக்கிய ரிப்பன் மாதிரி இருக்கும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு பார்ப்பார்கள். அதுதான் கரோட்டின். கெட்டியான படிகமாக, கடினமான செல்சுவருக்குள் பூட்டி வைத்திருக்கிறது.

பப்பாளிச் சதையில் ஒரு துளி எடுத்து வைத்தால் அந்த மாதிரி ஊசிகள் தெரியாது. பொடிப்பொடியாகப் புள்ளிகள்தான். அதில் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்து, பாதித் திரவம் பாதிப் படிகம் என்கிற நிலையில் இருக்கிறது. பழுத்த பழத்தின் செல்சுவரும் இளகிப்போயிருக்கும். கட்டிக் கற்கண்டும் சர்க்கரைப் பாகும் தண்ணீரில் கரையும் வேகத்தை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு வித்தியாசம்.

நீலவானம்

ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். ஒரு சின்னக் கணக்கு. மூன்று மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் பப்பாளியின் 47, 141-க்குச் சமம் ஆகிறது. கேரட் அப்போதும் 835. 18 மடங்கு வித்தியாசம் 6 மடங்காகக் குறைகிறதே தவிர, வைட்டமின் ஏ-யில் கேரட்தானே முன்னால்? நான் தப்பாகப் போட்டிருந்தால் சொல்லுங்கள்.

செவ்வந்தி

கணக்குச் சரி. எடைக்கு எடை பார்த்தால் வைட்டமின் ஏ-யில் கேரட்டுக்குப் பக்கத்தில் பப்பாளி வர முடியாது. அட்டவணை காட்டுகிற இடைவெளி அவ்வளவு பெரியது இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஆய்வில் கேரட்டைப் பச்சையாகக் கொடுத்தார்கள். சமைத்துக் கொடுத்திருந்தால் மூன்று மடங்கு என்ற எண் குறைந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேரட்டைப் பொறுத்தவரை எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

கதிரொளி

ஒப்புக்கொள்கிறேன். வகுத்தி விஷயம் எனக்குத் தெரியாது. பத்து வருடமாக இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் வீட்டில் சாப்பாட்டைத் திட்டமிடுகிறேன். இப்போது ஒவ்வொரு எண்ணையும் திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. சமைக்கும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்லுங்களேன். நான் இதுவரை பச்சையாகத் தின்பதுதான் முழுச் சத்து என்று நம்பி, காலையில் ஒரு கேரட்டைக் கடித்துக்கொண்டே வேலைக்குப் போகிறவன்.

செவ்வந்தி

பச்சையாகத் தின்பதில் கெடுதல் இல்லை. பல்லுக்கு வேலை, வயிறும் நிறையும். கரோட்டினுக்காகத் தின்பது என்றால்தான் அந்த வழி கைகொடுக்காது.

2002-ல் செரிமானத்தைச் சோதனைக் குழாயில் நடத்திப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. பச்சைக் கேரட்டைத் துண்டாகப் போட்டபோது அதிலிருந்த பீட்டா கரோட்டினில் வெளியே வந்தது 3 சதவீதம். அதையே நைசாக அரைத்தபோது 21. வேகவைத்து அரைத்தபோது 27. வேகவைத்து அரைத்து எண்ணெயும் சேர்த்தபோது 39. மனிதர்களிடம் 2003-ல் செய்ததில், பொடியாக நறுக்கிய பச்சைக் கேரட்டிலிருந்து 41 சதவீதமும் வேகவைத்து மசித்ததிலிருந்து 65 சதவீதமும் குடலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டும் வேறு வேறு முறையில் அளந்தவை. அதனால் 3-ஐயும் 41-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

கரோட்டின் கொழுப்பில் கரைவது. கூட ஒரு சின்னக் கரண்டி எண்ணெய், சுமார் 5 கிராம், இருந்தாலே போதும். கரண்டி கரண்டியாக ஊற்ற வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் கேரட் ஜூஸ் மட்டும் குடிப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஜூஸில் செல்கள் உடைந்திருக்கும், அது நல்லது. ஆனால் கூடக் கொழுப்பு இல்லை, நார்ச்சத்தும் சக்கையோடு போய்விட்டது.

வேகவைப்பதில் ஒரு சின்ன விஷயம். கேரட்டை முழுசாக வேகவைத்து, பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டு வேகவைத்தால் துண்டின் எல்லாப் பக்கமும் தண்ணீரில் சத்து இறங்கும். ஃபால்கரினால் என்று கேரட்டில் ஒரு பொருள் இருக்கிறது. முழுசாக வேகவைத்த கேரட்டில் அது நறுக்கி வேகவைத்ததைவிட 25 சதவீதம் அதிகமாக மிஞ்சியது என்று நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2009-ல் கண்டார்கள். ருசியும் கூடும். நானே வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். முழுசாக வெந்தது இனிப்பாக இருக்கிறது, மற்றது தண்ணீராக இருக்கிறது.

தும்பை

கேரட்டை எப்படிக் கொடுப்பது என்று பேசுகிறோம், எவ்வளவு கொடுப்பது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். என் அனுபவத்தை எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது வேகவைத்து மசித்த கேரட் என்றால் உயிர். வேறு எதைக் கொடுத்தாலும் துப்பிவிடுவான். சாப்பிடுகிறானே என்ற சந்தோஷத்தில் மூன்று வேளையும் அதையே கொடுத்தேன். ஒரு நாள் குளிப்பாட்டித் துடைக்கும்போது உள்ளங்கால் மஞ்சளாகத் தெரிந்தது. உள்ளங்கையும் அப்படியே. மூக்கு நுனியைப் பார்த்தால் மஞ்சள் பூசின மாதிரி. மஞ்சள் காமாலை என்று நினைத்துக் கை கால் நடுங்க, ஈரத்தலையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் அம்மா முதலில் செய்தது, அவன் கீழ் இமையை விரலால் இழுத்து வெள்ளைவிழியைப் பார்த்ததுதான். விழி பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. "காமாலை என்றால் விழியும் மஞ்சளாகியிருக்கும். இது கரோட்டின். என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். கேரட் என்றதும் சிரித்தார். நிறுத்தக்கூடச் சொல்லவில்லை. குறைத்துக்கொண்டு வேறு காய்களையும் பழகவைக்கச் சொன்னார். சில வாரத்தில் நிறம் தானாகப் போய்விட்டது. இப்போது பத்து வயது, நன்றாக இருக்கிறான். கேரட்டைத் தொடுவதில்லை.

குழந்தைக்கு அப்படி மஞ்சளாகத் தெரிந்தால் வீட்டிலேயே முடிவு செய்யாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பயந்து ஓடியதில் எனக்கு வருத்தமே இல்லை.

நீலவானம்

தும்பை அக்கா, அது ஆபத்து இல்லையா? வைட்டமின் ஏ அதிகமானால் விஷம் என்று படித்திருக்கிறேனே.

பழைய வாத்தியார்

ஈரலிலும் மாத்திரையிலும் இருக்கும் ரெட்டினால் அதிகமானால்தான் அந்த ஆபத்து. காயிலும் பழத்திலும் இருப்பது மூலப்பொருள். உடம்பிடம் போதுமான இருப்பு இருந்தால் அது கரோட்டினை மாற்றுவதைக் குறைத்துக்கொள்ளும். மிச்சம் தோலில் தங்கி மஞ்சளாகத் தெரியும், அவ்வளவுதான்.

மருதம்

எனக்கு ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை நோய் உண்டு. குழந்தையைப் பற்றிய இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கேரட் மண்ணுக்குள் விளைவது, அதனால் சர்க்கரை ஏறும் என்று என்னை ஒதுக்கச் சொன்னார்கள். பப்பாளி பழம் என்பதால் அதையும் ஒதுக்கச் சொன்னார்கள். இரண்டும் இல்லாமல் ஆறு வருடம் ஓடிவிட்டது. மேலே போட்ட எண்களைப் பார்த்தால் இரண்டிலும் சர்க்கரை அவ்வளவு ஒன்றும் இல்லையே?

அதோடு ஒரு கேள்வி. இதற்கெல்லாம் பதில் பீட்டா கரோட்டின் மாத்திரையாகவே போட்டுக்கொள்ளலாமா? நான் முன்பு புகைபிடித்தவன், விட்டுப் பல வருடம் ஆகிறது.

செவ்வந்தி

மருதம் ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அந்த மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்.

பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், முன்பு பிடித்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்கள் என்று 18,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பீட்டா கரோட்டினோடு ரெட்டினாலும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 1996-ல் பாதியில் நிறுத்தினார்கள். அங்கே 28 சதவீதம் கூடியிருந்தது. காயாகவும் பழமாகவும் சாப்பிடுவதால் இப்படி ஆனதாகக் கண்டதில்லை. அதனால் கேரட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மாத்திரையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இனி சர்க்கரை. கேரட்டுக்கு அந்தக் கெட்ட பெயர் வந்ததில் ஒரு பழைய எண்ணுக்குப் பங்கு உண்டு. 1981-ல் டேவிட் ஜென்கின்ஸ் குழு முதன்முதலாக வெளியிட்ட கிளைசீமிக் குறியீட்டுப் பட்டியலில் (ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் எண் அது) கேரட்டுக்கு 92 என்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் பல பேர் கேரட்டை விலக்கினார்கள். பின்னால் மறுபடி மறுபடி அளந்ததில் அது தாங்கவில்லை. 2008-ல் வந்த சர்வதேச அட்டவணையில் வேகவைத்த கேரட்டுக்கு 39. ஆனால் அந்தப் பழைய எண் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது ஐயா. உங்களைப் போல எத்தனை பேர் ஆறு வருடம், பத்து வருடம் என்று நல்ல காயை இழந்திருப்பார்கள்!

பப்பாளியில் 100 கிராமுக்குச் சர்க்கரை 7.8 கிராம். பழங்களில் இது நடுத்தரத்துக்கும் கீழே. ஒரு சிறு கிண்ணம் என்ற அளவில் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடலாம். சாப்பிடுவதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரையை அளந்து பாருங்கள். உங்கள் உடம்புக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்று அந்த எண் சொல்லிவிடும்.

மருதம்

நன்றி அம்மா. அளந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீலவானம்

எல்லோரும் கேரட்டைப் பற்றியே பேசுகிறோம். பப்பாளியின் பக்கம் பேச யாரும் இல்லையா? பழம் என்றாலே இனிப்பு, காய் என்றாலே சத்து என்று நாமே பிரித்து வைத்துக்கொள்கிறோமோ என்று தோன்றுகிறது. அந்தப் பிரிவே நாம் வைத்துக்கொண்டதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜாம் விதிகளில் கேரட்டையே பழக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

செவ்வந்தி

நான் பேசுகிறேன். பப்பாளியின் பலம் வைட்டமின் சி. 100 கிராமுக்கு 61 மில்லிகிராம். அதைச் சமைக்காமல் அப்படியே தின்பதால் அவ்வளவும் உள்ளே போகிறது. கேரட்டில் இருப்பதே 6, அதிலும் வேகவைத்தால் கொஞ்சம் போய்விடும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் இந்த வைட்டமின் சி இன்னொரு வேலையும் செய்யும். தானியம், பருப்பு, கீரை இவற்றில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு அதிகமாக எடுத்துக்கொள்ள உதவும். ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்குப் பப்பாளியைத் தனித் தின்பண்டமாகக் கொடுக்காமல் சாப்பாட்டை ஒட்டிக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

சிவப்புச் சதை உள்ள பப்பாளியில் லைக்கோபீனும் உண்டு. மஞ்சள் சதையில் அது மிகக் குறைவு. லைக்கோபீன் வைட்டமின் ஏ-யாக மாறாது, ஆனால் நல்ல நிறமி. நான் முன்பு சொன்ன ஆய்வில் பப்பாளியின் லைக்கோபீன் தக்காளியில் இருப்பதைவிட 2.6 மடங்கு அதிகமாக ரத்தத்தில் ஏறியது.

கர்ப்பிணிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. காயாகவும் அரைப்பழமாகவும் இருக்கும் பப்பாளியில் பால் வடியும், அதைத் தவிர்த்துவிடுங்கள். எலிகளிடம் செய்த சோதனையில் அந்தப் பால் கருப்பையைச் சுருங்க வைத்தது. நன்றாகப் பழுத்ததில் அப்படி நடக்கவில்லை.

இளவேனில்

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே படித்தேன். எனக்குக் கடைசியாக ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஏழு வயதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? அவள் எவ்வளவு சாப்பிட்டால் நான் நிம்மதியாக இருக்கலாம்?

செவ்வந்தி

நான்கிலிருந்து எட்டு வயது வரை ஒரு நாளைக்கு வைட்டமின் ஏ 400 மைக்ரோகிராம், வைட்டமின் சி 25 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. 50 கிராம் கேரட்டில், அட்டவணைப்படி, சுமார் 417 மைக்ரோகிராம். சாதாரண அளவுக் கேரட் ஒன்று 60 கிராம் இருக்கும். 40 கிராம் பப்பாளியில் வைட்டமின் சி 24 மில்லிகிராம். அது அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற நாலு சிறு துண்டுதான்.

அதாவது நீங்கள் பயந்துகொண்டிருந்த அளவுக்கு அவள் சாப்பிட வேண்டியதே இல்லை. இன்னொன்று, வைட்டமின் ஏ-யை உடம்பு ஈரலில் பல மாதத்துக்குச் சேமித்து வைக்கும். ஒரு நாள் கேரட் சாப்பிடவில்லை என்றால் ஒன்றும் ஆகாது. மற்ற சாப்பாட்டிலிருந்தும் கொஞ்சம் வரும் என்பதால் கேரட் வாரத்தில் மூன்று நாள் போதும். வைட்டமின் சி-யை அப்படி அதிகம் சேர்த்துவைக்க முடியாது. தினம் ஏதாவது ஒரு பழத்திலோ காயிலோ வர வேண்டும். பப்பாளி பிடிக்கவில்லை என்றால் கொய்யா, ஆரஞ்சு, குடைமிளகாய் என்று வழி நிறைய இருக்கிறது. பிடிக்காததை மூக்கைப் பிடித்து விழுங்க வைக்காதீர்கள்.

தும்பை

வாசனைக்கு ஒரு யோசனை. பப்பாளியை நன்றாகக் குளிரவைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்துப் பாருங்கள். என் தங்கை மகள் அப்படித்தான் பழகினாள். விதையைச் சுற்றி வழவழப்பாக இருக்குமே, அந்தப் பகுதியைச் சுத்தமாக வழித்து எடுத்துவிடுங்கள். வாசனை அங்கேதான் அதிகம்.

இளவேனில்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

கேரட்டை முழுசாக வேகவைத்து, ஆறினதும் வட்டமாக நறுக்கி, ஒரு சின்னக் கரண்டி எண்ணெயில் லேசாக வதக்கிக் கொடுத்தேன். முதல் நாள் இரண்டு வட்டம் சாப்பிட்டாள். நாலாவது நாள் அவளே இன்னும் வேண்டும் என்று கேட்டாள். நடுத்தண்டை இப்போது ஒதுக்குவதில்லை, வெந்ததில் அது மெத்தென்று ஆகிவிடுகிறது. வாரத்தில் மூன்று நாள் இதுதான். பப்பாளியைக் குளிரவைத்து எலுமிச்சை பிழிந்தும் பார்த்தேன். வாசனை இன்னும் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிட்டாள். விட்டுவிட்டேன். பதிலாகத் தினம் ஓர் ஆரஞ்சோ பாதிக் கொய்யாவோ சாப்பிடுகிறாள்.

பழைய வாத்தியார் ஐயா எழுதியதை மாமியாருக்கு உட்கார்ந்து படித்துக் காட்டினேன். இரண்டாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். இப்போது மாலையில் பேத்தியைக் கைபிடித்து வெளியே விளையாடக் கூட்டிப்போவது அவர்தான்.

மருதம்

நானும் சொன்னபடி அளந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டோடு வதக்கிய கேரட் ஒரு கிண்ணம் சேர்த்த நாட்களிலும் சேர்க்காத நாட்களிலும் இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. பப்பாளி ஐந்து துண்டு வரைக்கும் தாங்குகிறது, அதற்கு மேல் போனால் ஏறுகிறது. என் டாக்டரிடம் நோட்டைக் காட்டினேன். இரண்டையும் அந்த அளவில் சாப்பிடச் சொல்லிவிட்டார். ஆறு வருடம் கழித்து நேற்றுத்தான் ஒரு பழுத்த பப்பாளியை நானே கையால் அறுத்தேன்.